போன் ஊரில் இரண்டு மணி நேரம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். இரண்டு மணி நேரக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

2019 அக்டோபரில் கம்பெனி வேலையாகப் பாரிஸிலிருந்து லியோனுக்குக் காரில் போனோம். நானும் இரண்டு பிரெஞ்சு நண்பர்களும். ஏ6 நெடுஞ்சாலையில் சுமார் 310 கி.மீ. தாண்டியதும் சாப்பாட்டுக்காக ஓர் ஊரில் இறங்கினோம். பர்கண்டி பிரதேசம், எங்கே பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். ஊர் பெயர் போன். வீட்டுக்குப் பேசினேன். "அம்மா, நான் போன்ல இருக்கேன்." "அது தெரியுதுடா, எந்த ஊர்ல இருக்கே?" என்றார் அம்மா!

நான் மதுவைத் தொடாதவன். நண்பர்கள் ருசி பார்க்கப் பாதாள அறைக்குள் இறங்கிவிட்டார்கள். மிச்ச தூரம் வண்டி ஓட்டுவது நான்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. பொழுது போக வேண்டுமே என்று, பாய் பின்னியது மாதிரி வண்ண ஓடு வேய்ந்த ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்தேன்.

அது ஏழைகளுக்கான மருத்துவமனை. நூறாண்டுப் போரில் நொந்து கிடந்த அந்தச் சீமையில், பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலனும் அவர் மனைவியும் 1443-ல் நிறுவியது. 1452 ஜனவரி 1-ல் முதல் நோயாளி வந்தார். 1971 வரை அங்கேயே வைத்தியம் நடந்தது. இப்போது மருத்துவமனை வேறு கட்டடத்தில், இது அருங்காட்சியகம்.

செலவுக்கு என்ன வழி? அங்கேதான் விஷயம். தலைமுறை தலைமுறையாகப் பலர் தங்கள் திராட்சைத் தோட்டங்களை அதற்கு எழுதி வைத்தார்கள். இன்று சுமார் 60 ஹெக்டேர். நம் கணக்கில் 150 ஏக்கர். அதில் விளையும் மதுவை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள். வருஷா வருஷம் நவம்பர் மூன்றாம் ஞாயிறு. பீப்பாய்க்கு 228 லிட்டர். வருகிற பணம் மருத்துவமனைக்கு.

பெரிய கூடத்தில் இருபுறமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். அங்கே படுத்திருந்த ஏழைக்கு, யாருடைய தோட்டம் தனக்குப் படியளக்கிறது என்று தெரிந்திருக்குமா? அந்த நினைப்பு வந்ததும் எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் வருஷம் அப்பாவுக்கு வேலை போயிற்று. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். கல்லூரி அலுவலகத்தில் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். "உனக்குக் கட்டியாச்சுப்பா, பழைய மாணவர் நிதியிலேர்ந்து" என்றார் கிளார்க். யார் கொடுத்த பணம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அந்தத் தேர்வை எழுதியதால்தான் பிரான்ஸில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால், அதே நிதிக்காகச் சங்கம் எனக்கு எழுதிய கடிதங்களை என்ன செய்தேன்? "வீட்டுக் கடன் முடியட்டும்" என்று மேஜை டிராயரில் போட்டு வைத்தேன்.

போட்ட முதல் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று கணக்குப் போடுவது என் தொழில். திராட்சைக் கொடி நட்டால் முதல் மூன்று வருஷம் உருப்படியான விளைச்சல் கிடையாது. தோட்டத்தையே எழுதிக் கொடுத்தவர்கள் எந்தக் கணக்கைப் பார்த்தார்கள்?

ஊர் திரும்பியதும் டிராயரைத் திறந்தேன். கடன் இன்னும் முடியவில்லை. ஆனாலும் வருஷம் தவறாமல் என்னால் ஆனதை அனுப்பி வருகிறேன்.

தம்பி தங்கைகளே, கட்டணம் கட்ட முடியாமல் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது கேவலமில்லை. வாங்கிக்கொண்டு மறப்பதுதான் கேவலம். நான் சில வருஷம் மறந்திருந்தவன், அதனால் சொல்கிறேன்.