அவ்விடத்தில் இல்லாதவர்கள்



தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இம்மலையில் மே நாளை அறியாதார் இலர். ஆயின், அந்நாளுக்கு வித்தாகிய வழக்கில், குற்றம் நிகழ்ந்த இடத்தில் இல்லாத மனிதர்கள் தூக்குமேடை ஏறிய வரலாற்றை அறிந்தோர் சிலரே. அதனையே இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

1886 மே முதல் நாள், எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மூன்றாம் நாள் சிகாகோ நகரின் மக்கார்மிக் ஆலை வாயிலில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். அதனைக் கண்டிக்க மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. நகரத் தலைவர் கார்ட்டர் ஹாரிசனே நேரில் வந்து கேட்டு, கூட்டம் அமைதியானது என்று போலீஸ் அதிகாரியிடம் கூறிச் சென்றார். அவர் சென்றபின் போலீஸ் படை கூட்டத்தைக் கலைக்க வந்தது. இருளிலிருந்து ஒரு குண்டு விழுந்தது. குண்டினாலும் துப்பாக்கிச் சூட்டினாலும் போலீசார் எழுவரும் பொதுமக்கள் சிலரும் உயிரிழந்தனர்.

எண்மர் மீது வழக்கு நடந்தது. குண்டு வெடித்தபொழுது அவர்களுள் அங்கிருந்தவர் ஸ்பைஸ், பீல்டன் ஆகிய இருவரே. எங்கெல் தம் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஷ்வாப் வேறொரு தொழிலாளர் கூட்டத்திற்குப் பேசச் சென்றிருந்தார். பார்சன்ஸ் தம் மனைவி மக்களுடன் அருகிலிருந்த மண்டபத்திற்குச் சென்றுவிட்டார். பிஷரும் அம்மண்டபத்திலேயே இருந்தார். நீபே கூட்டத்திற்கே வரவில்லை. லிங் குண்டு செய்தவர் என்பதற்குச் சாட்சி இருந்தது; ஆயினும் அவரும் அன்றிரவு சதுக்கத்தில் இல்லை. ஸ்பைஸ் திரியைக் கொளுத்தியதைக் கண்டதாகக் கில்மர் என்பவர் கூறினார். அவர் சொல் நம்பத்தக்கதன்று எனப் பலர் கூண்டேறிச் சொன்னார்கள். நகரத் தலைவரும் எதிரிகள் தரப்பில் சாட்சியம் அளித்தார்.

இத்தனை சாட்சியமும் ஏன் பயனற்றுப் போயிற்று? குண்டை எறிந்தவர் யார் என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. பேச்சாலும் எழுத்தாலும் கொலைக்குத் தூண்டியதே போதும் என்று அரசுத் தரப்பு வாதித்தது. நீதிபதி கேரியும் அதனை ஒப்பி, நடுவர் குழுவிற்கு அவ்வாறே வழிகாட்டினார். "எங்கே இருந்தாய்?" என்னும் கேள்விக்கு விடையுண்டு, "என்ன எண்ணினாய்?" என்று கேட்டால், அண்டை வீட்டார் வந்து என்ன சாட்சி சொல்ல இயலும்? எழுவர்க்குத் தூக்கும், நீபேக்குப் பதினைந்தாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. பீல்டனுக்கும் ஷ்வாபுக்கும் தண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. லிங் சிறையிலேயே மாண்டார். 1887 நவம்பர் 11 அன்று ஸ்பைஸ், பார்சன்ஸ், பிஷர், எங்கெல் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர்.

1893இல் இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்டு வழக்கேடுகளை ஆராய்ந்து, நடுவர் குழு நேர்மையாகத் தெரிந்தெடுக்கப்படவில்லை என்றும், குண்டெறிந்தவரோடு இவர்களுக்குத் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறி, எஞ்சிய மூவரையும் விடுவித்தார். நீதி வந்தது, நால்வர்க்கு ஆறாண்டு தாழ்ந்து வந்தது. குண்டெறிந்தவர் யாரென்பது இன்றளவும் உறுதிப்படவில்லை.

நம் நாட்டில், குற்ற நேரத்தில் வேறிடத்தில் இருந்ததைச் சான்றாக ஏற்கும் விதி 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 11 ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்துள்ளது. எளிய மனிதனுக்கு அது பெருங்காவல். ஆனால், செய்த செயலைக் குற்றமாகச் சாட்டும் வரைதான் அக்காவல் நிற்கும். கூட்டத்தையும் கொள்கையையும் குற்றமாகச் சாட்டினால் அது சரிந்துவிடும்.

1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 2015 செப்டம்பரில் நம் மூணாற்றில் தோட்டத் தாய்மார் ஆயிரக்கணக்கில் திரண்டு போனசும் கூலியும் கேட்டனர். கூடி நின்று கேட்பது குற்றமன்று என்னும் நிலை உள்ளவரையில்தான் அத்தகைய திரளுக்கு இடமுண்டு. ஆகவே, நம்மவர் ஒருவர் மீது பழி விழும்போது, "அவர் எங்கே இருந்தார்?" என்று கேட்பதோடு நில்லாமல், "அவர் செய்ததாகச் சொல்லும் செயல் யாது?" என்றும் கேட்போமாக. கண்டதைக் கண்டபடி சொல்லக் கூண்டேற அஞ்சாதிருப்போமாக.