தண்ணீர் ஓடினால்தான் பவளம் வாழும்



தோட்டத்து வீடுகளில் மீன் வளர்ப்பது புதிய பழக்கமன்று. ஆற்றில் பழந்துணியை விரித்துப் பிடித்த குஞ்சுமீனைக் கண்ணாடிப் புட்டியில் விட்டு, ஜன்னலோரம் வைத்து அழகு பார்க்காத பிள்ளைகள் நம்மிடையே குறைவு. சண்டை மீன் வளர்த்தவர்களோ ஏராளம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, பட்டணத்துத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே மீன் கடைகளில் உப்புநீர்த் தொட்டியைப் பார்க்கிறார்கள். நீல விளக்கின் கீழ்ப் பவளங்கள் பூப்போல விரிந்து அசைகின்றன. பார்த்தவுடன் ஆசை பிறக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தொட்டி வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்து ஒரு கேள்வி எழுகிறது. "எந்தப் பம்பு வாங்குவது? பெரிதாக ஒன்று வாங்கிவிட்டால் போதாதா?" இதற்கு விடை சொல்வதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பவளத் தொட்டி, நன்னீர் மீன்தொட்டியைவிடச் செலவு கூடியது. உப்பு, விளக்கு, பம்பு, குளிர்விக்கும் சாதனம் என்று வெள்ளி கரைந்துகொண்டே இருக்கும். குடும்ப வருமானம் இடம் கொடுக்காவிட்டால் நன்னீர் மீனோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை துணிந்து இறங்கிவிட்டால், வெறுமனே கடிந்து பயனில்லை. அவனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பவளம் வளர்க்கப் போகிறாய்? தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர்? பம்பு எத்தனை வாட்? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் காட்டுவதைத்தான் வாங்கி வர வேண்டியிருக்கும்.

பவளம் செடியுமன்று, கல்லுமன்று. அது ஓர் உயிர்ப்பிராணி. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து வாழ்வதே பவளம். நாம் தொட்டியில் வளர்க்கும் பெரும்பாலான பவளங்களின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி பகலில் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கிறது. ஆயினும் பவளம் சுவாசிக்க வேண்டும். கழிவை வெளியேற்ற வேண்டும். தண்ணீரில் மிதந்து வரும் உணவையும் பிடிக்க வேண்டும். மீனானால் நீந்திப் போய்த் தேடிக்கொள்ளும். பவளம் இருந்த இடத்தை விட்டு நகராது. ஆகவே தண்ணீர்தான் அதனிடம் வர வேண்டும்.

துணி காயவைப்பதை நினைத்துப் பாருங்கள். காற்று வீசும் நாளில் கொடியில் போட்ட துணி விரைவில் காய்கிறது. காற்றே இல்லாத நாளில், துணியை ஒட்டி நிற்கும் ஈரக் காற்று விலகாததால் துணி நெடுநேரம் ஈரமாகவே கிடக்கிறது. பவளத்தின் உடலை ஒட்டியும் இப்படி ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. தண்ணீர் ஓடினால் அந்தப் படலம் மெலிகிறது. உயிர்வாயு உள்ளே போகிறது, கழிவு வெளியேறுகிறது. தண்ணீர் தேங்கினால் பவளம் தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது. தொட்டியில் பம்பு வைப்பதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

அப்படியானால் பலமான பம்பாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். கடலில் அலை ஒரு பக்கம் போகிறது, மறு பக்கம் திரும்பி வருகிறது. பவளம் அதற்கேற்ப இப்படியும் அப்படியும் அசைகிறது. தொட்டியில் ஒரே பெரிய பம்பு ஒரே திசையில் இரவும் பகலும் பீய்ச்சினால், எதிரே உள்ள பவளத்தின் சதை சுருங்கி, நாளடைவில் எலும்புக்கூட்டை விட்டு உரிந்துபோகும். அதே நேரத்தில் கல்லுக்குப் பின்புறம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஒரு மூலையில் வெள்ளம், மறு மூலையில் வறட்சி என்ற கதைதான்.

ஆகவே பம்பின் வகையைத் தெரிந்துகொள்வோம். கடைகளில் பவர்ஹெட் என்ற ஒன்று உண்டு. அது சிறிய துவாரத்தின் வழியே தண்ணீரைப் பீய்ச்சும். ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் எப்படிப் பாய்கிறதோ, அப்படி. மற்றொன்று வேவ்மேக்கர் என்று கடைகளில் வழங்கும் விசிறிப் பம்பு. அதில் மின்விசிறி போன்ற இறக்கை சுழன்று, தண்ணீரை அகலமாகவும் மென்மையாகவும் தள்ளும். பவளத்துக்கு ஏற்றது இந்த இரண்டாம் வகையே. குறைந்த மின்சாரத்தில் கூடுதலான தண்ணீரை நகர்த்துவதும் இதுவே. தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி வைத்து, அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு வேறு. அதன் வேலை ஏற்றுவது. ஏற்றும் உயரம் கூடக் கூட அது தரும் தண்ணீரின் அளவு குறையும். அந்தப் பம்பு இருப்பதால் விசிறிப் பம்பு வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தொட்டியின் நீளம் 75 சென்டிமீட்டர், அகலம் 40, உயரம் 40 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 120 லிட்டர் வருகிறது. மேலே விடும் இடைவெளி, கல், மணல் ஆகியவற்றைக் கழித்தால் ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

புதிதாகத் தொடங்குபவர் காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. இவற்றுக்குத் தொட்டித் தண்ணீரின் அளவைப்போல் மணிக்கு 10 முதல் 20 மடங்கு நீரோட்டம் போதுமென்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுவான அளவு. நம் 100 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1,000 முதல் 2,000 லிட்டர். கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கு 30, 40 மடங்கு அல்லது அதற்கும் மேல் தேவைப்படும். அவை தேர்ச்சி பெற்றவர்களுக்கு உரியவை. எந்தப் பவளம் என்று முதலில் கேட்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் பம்பு ஒன்று வாங்குவதா, 1,000 லிட்டர் தள்ளும் பம்பு இரண்டு வாங்குவதா? இரண்டு வாங்குவதே மேல். இரண்டையும் இரு பக்கக் கண்ணாடியிலும் வைத்து, முன்கண்ணாடியை நோக்கிச் சாய்வாகத் திருப்பிவிட்டால், இரு ஓட்டங்களும் மோதிக் கலைந்து மூலை முடுக்கெல்லாம் பரவும். நேரக்கருவி வைத்தோ, வேகத்தை மாற்றும் வசதியுள்ள பம்பு வாங்கியோ, ஓட்டத்தை மாற்றி மாற்றி விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும். இரவில் வெளிச்சம் இல்லாதபோது பாசியும் உயிர்வாயுவைத் தருவதில்லை. தொட்டியில் உள்ள அனைத்தும் அதை உட்கொள்ளவே செய்கின்றன. அந்த நேரத்தில் இருந்த ஒரே பம்பும் நின்றுபோனால், விடியும்போது மீன்கள் மிதக்கக்கூடும். நீர்மட்டத்தில் மெல்லிய சலசலப்பு எப்போதும் இருக்கும்படி ஒரு பம்பைச் சற்று மேல்நோக்கி வைப்பது இதற்காகவே.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண், தடையேதும் இல்லாத நிலையில் அளந்தது. கல்லும் பவளமும் நிறைந்த தொட்டியில் ஓட்டம் குறையத்தான் செய்யும். எனவே எண்ணை மட்டும் நம்பாமல் கண்ணையும் நம்புங்கள். பவளத்தின் நுனிகள் இளங்காற்றில் புல் அசைவதுபோல் அசைந்தால் ஓட்டம் சரி. ஒரே பக்கமாகச் சாய்ந்தே கிடந்தால், அல்லது மணல் குழியாகப் பறந்தால், ஓட்டம் அதிகம். கல்லின் மேல் அழுக்குப் படிந்து, மணலில் சிவப்பு நிற வழுவழுப்பான படலம் படர்ந்தால், ஓட்டம் போதாமையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது கேள்வி வாட். நம் நாட்டுச் சூட்டில் இது மிகவும் முக்கியம். பவளத் தொட்டியின் வெப்பம் 25, 26 பாகை செல்சியஸில் இருப்பது நலம். நம் வீடுகளிலோ பகலில் 30 பாகையைத் தாண்டுகிறது. தண்ணீருக்குள் ஓடும் பம்பு இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகி அந்தத் தண்ணீரிலேயே சேருகிறது. சூடு பவளத்துக்கு என்ன செய்யும் என்பதை நம் கடலே காட்டியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டு கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் தம்முள் குடியிருந்த பாசியை இழந்து வெளுத்துப்போயின. தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்களுக்கு மூடிவைக்க வேண்டியதாயிற்று. பரந்த கடலுக்கே அந்த நிலை என்றால், 100 லிட்டர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 5 வாட் பம்பு இரண்டு, நாள் முழுவதும் ஓடினால் 30 நாளில் 7.2 யூனிட் ஆகும். அதே வேலைக்கு 40 வாட் இழுக்கும் பழைய பம்பு வைத்தால் 28.8 யூனிட். வாங்கும்போது மலிவாகத் தெரிந்த பம்பு, மாதந்தோறும் நம் சட்டைப் பையில் கை வைக்கும், தண்ணீரையும் சூடாக்கும்.

இனி, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை மறவாமல் சில எச்சரிக்கைகள். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். தொட்டிக்குள் கைவிடும் முன் பம்பின் சுவிட்சை அடைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். மின்கம்பியை நேரே சாக்கெட்டுக்குக் கொண்டுபோகாமல், சாக்கெட்டைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். கம்பி வழியே வழியும் நீர்த்துளி அந்த வளைவிலேயே கீழே சொட்டிவிடும், சாக்கெட்டை எட்டாது. சாக்கெட் தரையில் கிடக்க வேண்டாம். பிளக், அடாப்டர் ஆகியவற்றில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி வீட்டு மின்பெட்டியில் இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடானால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்த பிறகே தொட்டி வைக்க வேண்டும். அடாப்டர் வழியே 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் பம்புகளும் கிடைக்கின்றன. சற்று விலை கூடினாலும், தண்ணீருக்குள் இறங்கும் மின்னழுத்தம் குறைவு என்பதால் அவை விரும்பத்தக்கவை.

இடி மழையில் மின்சாரம் நின்றுபோவது நமக்குப் புதிதன்று. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்திருங்கள். மின்தடை சில மணி நேரம் நீடித்தால் அதுவே உயிர் காக்கும். பம்பின் இறக்கையில் நாளடைவில் சுண்ணாம்புபோல் படியும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி, தண்ணீர் கலந்த வெள்ளைப் புளிக்காடியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால், பம்பு பழைய வேகத்தில் ஓடும்.

பவளத்தை எங்கிருந்து பெறுவது என்பதிலும் கவனம் வேண்டும். தீவுக்கு உல்லாசப் பயணம் போகும்போது ஒரு துண்டு உடைத்து வருவோம் என்று யாரும் எண்ண வேண்டாம். கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல்பவளங்களின் அனைத்துலக வாணிபத்தையும் சைட்டிஸ் உடன்பாடு கட்டுப்படுத்துகிறது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. தொட்டியில் வளர்த்துத் துண்டாக்கி விற்கும் பவளமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். சட்டத்துக்கும் இசைவு, தொட்டி வாழ்வுக்குப் பழகியது என்பதால் பிழைப்பதும் எளிது.

கடைசியாக, அவசரம் வேண்டாம். உப்புநீரும் கல்லும் போட்டுப் பம்பை ஓடவிட்டு, சில வாரங்கள் பொறுத்திருங்கள். தண்ணீரைச் சோதித்து, அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரிந்த பிறகே முதல் உயிரை விட வேண்டும். அந்த இடைவேளையில் பம்பை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். ஓட்டம் எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். தொட்டிக்குள் உயிர் இல்லாத காலத்தில் எத்தனை முறை மாற்றினாலும் யாருக்கும் நட்டமில்லை.

நேயர்களே, எந்தப் பவளம், எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்ற மூன்று கேள்விகளையும் மறவாதீர்கள். இடம்விட்டு நகர முடியாத ஓர் உயிரை நாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அதற்குக் கடலைக் கொண்டுவந்து கொடுக்க நம்மால் இயலாது. கடலின் அசைவையாவது அளவறிந்து கொடுப்போம்.