எட்டாவது பிட்டும் தமிழ் எழுத்தும்



எழுத்துக் குறியீடு பற்றிய உரை என்றதும் யூனிகோடை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டதோ ஒரு கம்பி. யுனிக்ஸ் பணிநிலையத்தையும் லேசர் அச்சுப்பொறியையும் ஒரு காலத்தில் இணைத்த தொடர்வழிக் கம்பி. குறியீடு என்றால் என்ன என்பதை மாணவர்க்கு விளக்க அதைவிட எளிய கருவியை நான் அறியேன்.

ஆர்எஸ்-232 எனப்படும் அவ்விணைப்பில் ஒவ்வொரு திசைக்கும் தரவுக் கம்பி ஒன்றே. பணிநிலையமும் அச்சுப்பொறியும் பெரும்பாலும் இரண்டாம் முனையிலேயே பேசி, மூன்றாம் முனையிலேயே கேட்கும். ஆகவே அவ்விரு கம்பிகளையும் குறுக்கே மாற்றிக் கட்டவேண்டும். இருவரும் ஒரே கம்பியில் பேசினால் கேட்பவர் யார்?

1985இல் வெளிவந்த ஆப்பிள் லேசர்ரைட்டரை இவ்வழியே இணைக்கையில் வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட். தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் பிட்டுகளைச் சேர்த்து ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்றால், நொடிக்கு 960 எழுத்து. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏ4 பக்கம் ஒன்றைப் படமாக அனுப்பினால் பத்து லட்சம் பைட்டைத் தாண்டும். போய்ச்சேர ஏறத்தாழ 19 நிமிடம் ஆகும். போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இத்துன்பத்தை நீக்கியது. இவ்விடத்தில் இவ்வெழுத்தை இடுக என்ற கட்டளையை மட்டும் அனுப்பினால் போதும். அச்சுப்பொறி தன்னிடமுள்ள எழுத்துருவைக் கொண்டு வரைந்துகொள்ளும்.

இரு முனைகளும் முன்னரே உடன்படவேண்டிய செய்திகள் சில உண்டு. வேகம் பொருந்தாவிட்டால் தாளில் குப்பை விழும், அல்லது ஒன்றும் விழாது. பிழை உடனே தெரிந்துவிடும். ஓர் எழுத்துக்கு எத்தனை பிட் என்பது பொருந்தாவிட்டாலோ ஆங்கிலம் பழுதின்றி வரும். ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும். எட்டாவது இடத்தைப் பிழை சரிபார்க்கும் பாரிட்டிக்கு விட்டுவிடுவதும் உண்டு. அந்த அமைப்பில் ஆங்கிலம் மட்டும் எழுதுவோர்க்கு எக்குறையும் தோன்றாது.

தமிழ் குடியிருந்தது அந்த எட்டாவது பிட்டில்தான். 1990களின் பிற்பகுதியில் உருவான திஸ்கி குறியீட்டில் 128க்குக் கீழே ஆங்கிலமும் மேலே தமிழும் அமைந்தன. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் படைத்த முரசு அஞ்சலிலும் இக்குறியீட்டுக்கு இடமிருந்தது. இதில் ம என்பது 193, ர என்பது 195, ம் என்பது 245. ஏழு பிட் வழியில் எட்டாவது பிட் உதிர்ந்தால் ஒவ்வோர் எண்ணிலும் 128 குறையும். 65, 67, 117 என வந்துசேரும். முதலிரண்டும் பெரிய ஏ, பெரிய சி. மூன்றாவது சிறிய யு. அனுப்பியது ‘மரம்’, அச்சானது பொருளற்ற மூன்று ஆங்கில எழுத்து.

இதனினும் வேடிக்கை ஒன்று. ஷ என்னும் எழுத்தின் எண் 132. அதில் 128 போனால் எஞ்சுவது 4. போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிக்குத் தொடர்வழியில் 4 என்பது ‘பணி முடிந்தது’ என்னும் குறி. ஆகவே ‘வருஷம்’ என்று எழுதினால் நடுவிலேயே அச்சுப் பணி முடிந்துவிடும். ‘ஆண்டு’ என்று எழுதியிருந்தால் இவ்விடர் இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் மகிழலாம்!

தீர்வு, இரு முனைகளையும் எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று அமைப்பதே. அது இயலாத இடத்தில் போஸ்ட்ஸ்கிரிப்ட் வேறு வழி தருகிறது. எழுத்தை நேரே அனுப்பாமல், பின்சாய்கோடு ஒன்றை இட்டு அதன் எண்ணை எட்டடிமானத்தில் எழுதலாம். ம 301, ர 303, ம் 365 ஆகும். இலக்கங்களும் சாய்கோடும் ஏழு பிட்டுக்குள் அடங்கும். கம்பி எதையும் இழக்காது. விலை என்னவெனில், மூன்று பைட்டில் செல்லவேண்டிய சொல்லுக்குப் பன்னிரண்டு பைட் தேவைப்படும்.

இன்றைய யூடிஎஃப்-8 முறையிலும் ‘மரம்’ பன்னிரண்டு பைட்டே. புள்ளிக்கும் தனியே மூன்று பைட் உண்டு. அளவு ஒத்திருப்பது தற்செயல். ஆயினும் அந்தப் பன்னிரண்டிலும் எட்டாவது பிட் 1 ஆகவே நிற்கிறது. ஆசிரியர்கள் திஸ்கி அட்டவணையை வகுப்பில் கொடுத்து, ஒவ்வொரு மாணவரும் தம் பெயரின் எண்களிலிருந்து 128ஐக் கழித்து என்ன வருகிறதென்று பார்க்கச் சொல்லலாம். கரும்பலகையே போதும், கணினி வேண்டியதில்லை.