கரைப் பங்கும் மனக்கோயிலும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்களின் தமிழ் நெஞ்சங்களைப் பத்தாண்டுகளாக ஒரு கூரையின்கீழ்க் கூட்டி வரும் வட்டம் இது. இதன் விழாவில் 'பள்ளி மாணவர்க்குச் சமூகப்பணி கட்டாயமாகலாமா?' என்னும் பொருளில் பேசப் பணித்துள்ளீர்கள். கல்வித்துறையார் பேசவேண்டிய பொருளை இலக்கிய மேடைக்குத் தந்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். என் கருத்தில் இது முதலில் சொல் பற்றிய வினா. தொண்டு, பணி, ஊழியம், வெட்டி என நம் மொழி பல சொற்களை வைத்திருக்கிறது. அவற்றுள் எதனை நம் பிள்ளைகளின் கையில் தருகிறோம் என்பதே இங்கு எழும் வினா.

அறிக்கைகள் சொல்வன

இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் ஊர் வாழ்வையும் பாடத்தின் நடுவில் நிறுத்தியது. விடுதலைக்குப்பின் தேஷ்முக் குழு 1959இல் நாட்டுப்பணியைக் கட்டாயமாக்கலாம் என்றது. பல நாடுகளின் நடைமுறையை ஆராய்ந்த சையதைன் 1960இல் விருப்பப்பணியே தக்கது என்றார். 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக்குழு, கல்வியின் எல்லா நிலைகளிலும் சமூகப்பணி இடம்பெறவேண்டும் என்றது. இறுதியில் 1969 செப்டம்பர் 24ஆம் நாள், காந்தியடிகளின் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. ஈராண்டில் 240 மணி நேரப் பணி என்பது அதன் கணக்கு. ஆனால் சேர்வதும் சேராததும் மாணவர் விருப்பம்.

பள்ளி நிலையில் நிலைமை வேறு. ஈஸ்வர்பாய் பட்டேல் குழு 1977இல் 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என்பதைப் பாடத்திட்டத்தின் உள்ளேயே வைத்தது. ஐ.சி.எஸ்.இ. தேர்வில் இப்பணியிலும் தேர்ச்சி பெற்றால்தான் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைக்கும். மத்திய வாரியம் 2018இல் 'சேவா' என்ற பெயரில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இதனைக் கொணர்ந்தது. வெளிநாட்டிலும் இப்போக்கு உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992இல் 75 மணி நேரம் என விதித்தது. கனடாவின் ஒன்றாரியோ 1999இல் 40 மணி நேரம் என்றது. நம் தமிழ்ப்பிள்ளைகளும் பயிலும் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

எண்கள் இருக்கட்டும். அந்த மணிகளுக்குள் என்ன நடந்தது? ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே 'பயனுள்ள சில பாடவேளைகள் வீண்' என்று மாணவர் கேலி செய்யும் அளவுக்கு அது போயிற்று. என் வகுப்பு மாணவியரிடம் அவர்தம் பள்ளிநாள் பணியேட்டைப் பற்றிக் கேட்டேன். அட்டையில் ஒட்டிய வண்ணத்தாள் நினைவிருக்கிறது. ஆசிரியர் இட்ட கையொப்பம் நினைவிருக்கிறது. யாருக்காகப் பணி செய்தோம் என்பது பலர்க்கு நினைவில் இல்லை. ஒருத்தி மட்டும், அஞ்சலகத்தில் முதியோர்க்குப் படிவம் நிரப்பித் தந்ததை விரிவாகச் சொன்னாள். ஒரு பாட்டி தம் ஊர்ப்பெயரைச் சொல்லும்போது அந்த ஊர் ஏரியின் பெயரையும் சேர்த்தே சொன்னாராம். அந்த ஏரி இப்போது இல்லை என்று பின்னர் அறிந்துகொண்டதாகவும் சொன்னாள். பணியேட்டில் அதற்குக் கிடைத்த இடம் 'இரண்டு மணி நேரம்' என்ற ஒரு வரிதான்.

வந்தியின் பங்கு

கட்டாயச் சமூகப்பணியின் முழுப் படத்தையும் நம் திருவிளையாடற் புராணம் வரைந்து வைத்திருக்கிறது. வையை பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்கவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஊரார் எல்லார்க்கும் பங்கு அளந்து விடுகிறார்கள். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கும் ஒரு பங்கு. அவளுக்கோ ஆள் இல்லை. இறைவனே கூலியாளாய் வருகிறான். உதிர்ந்த பிட்டை உண்டு, ஆடிப்பாடி, உறங்கியும் விடுகிறான். பிரம்படி விழுகிறது. அந்த அடி எல்லார் முதுகிலும் பட்டது என்பது கதை.

இக்கதை ஆணையை மறுக்கவில்லை என்பதைக் கருதவேண்டும். வெள்ளம் வரும்போது கரை எல்லார்க்கும் பொது. ஆகவே பங்கும் பொது. ஆனால் பங்கை அளந்தவர்கள் வந்தியின் நிலையை அளக்கவில்லை. சமமாகப் பகுத்த சுமை, ஆளில்லாத வீட்டில் இருமடங்காக இறங்கிற்று. பள்ளி முடிந்ததும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிக்கும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுமுறை முடித்து வரும் தந்தைக்குச் சோறு கொண்டுசெல்லும் சிறுவனுக்கும் மணிக்கணக்கு விதிப்போர் முதலில் படிக்கவேண்டிய பாடம் இது.

குடிமராமத்தும் வெட்டியும்

கதையில் கண்டதை வரலாற்றிலும் காண்கிறோம். ஏரியும் கால்வாயும் பழுதுபடாமல் ஊரார் உழைத்துக் காத்த வழக்கமே குடிமராமத்து. ஆங்கில ஆட்சி ஏரிகளைத் தன் துறையின்கீழ் கொணர்ந்தது. வழக்கம் தளர்ந்தபோது 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, வராதவர் பணம் கட்டவேண்டும் என்றது. சட்டம் ஏட்டில் நின்றது, குடிமராமத்து தேய்ந்தது. நீரின்மேல் உரிமை கையைவிட்டுப் போனபின் கரையின்மேல் கடமை மட்டும் எப்படித் தங்கும்?

இன்னொரு சொல்லையும் நினைவூட்டுகிறேன். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு. இன்று அதே சொல்லுக்குப் பயனற்றது என்று பொருள். கட்டாயத்தால் மட்டும் நடந்த உழைப்பை மக்கள் எவ்வாறு மதித்தனர் என்பதற்கு இச்சொல்லின் பொருள்மாற்றமே சான்று எனலாம். வெட்டியான் என்ற பெயரையும் இதனோடு தொடர்புபடுத்துவர். கட்டாய உழைப்பு எந்தத் தெருவில் போய் நின்றது என்பதையும் அப்பெயர் சொல்லிவிடுகிறது.

இது பழங்கதையன்று. 2022இல் ஈரோடு மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததாகப் புகார் எழுந்து, தலைமையாசிரியை கைதானார். துடைப்பம் எந்தக் கைக்குப் போகிறது என்பதைப் பாராமல் 'மாணவர்க்குச் சமூகப்பணி' என்று பேசுவது நம் நாட்டில் தகாது. நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயப் பணி விதிக்க இடந்தரும்போதும், சமயம், இனம், சாதி, வகுப்பு மட்டுமே காரணமாக வேறுபாடு காட்டலாகாது என்கிறது. வந்தியின் கதை உணர்த்துவதைச் சட்டமொழியில் சொன்னதாகவே நான் அதைப் படிக்கிறேன்.

நின்றவூரில் எழுந்த கோயில்

இனித் தொண்டுக்கு வருவோம். இதற்குச் சான்று தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் தந்த பெரியபுராணத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்றே பெயர். ஆவடியை அடுத்த திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் அதில் இடம்பெறுகிறார். கையில் பொருளில்லை, மனத்துள்ளேயே கல் அடுக்கிக் கோயில் எழுப்பினார். காடவர்கோன் காஞ்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில், இறைவன் நின்றவூர்க்குப் புறப்பட்டான். பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பியோ, காஞ்சி வரதர்க்கு ஆலவட்டம் வீசுவதையே வாழ்வாகக் கொண்டார்.

இவர்களுக்கு வருகைப்பதிவேடு இல்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் அடையாற்றில் பெருகிச் சென்னையைச் சூழ்ந்தபோது, உணவுப்பொட்டலம் சுமந்து கழுத்தளவு நீரில் நடந்த இளைஞர்க்கும் பதிவேடு இல்லை. உள்ளிருந்து எழுவது தொண்டு. அதனை விதிக்க எந்த வாரியத்தாலும் இயலாது. விதித்தால் தொண்டு என்னும் பெயர் அதைவிட்டுப் போய்விடும்.

என் துணிபு

ஆகவே இரண்டையும் பிரித்துக் காண்போம். கரைப்பங்கு வேறு, மனக்கோயில் வேறு. பொதுவானதைப் பேணுவதில் பங்கு என்பது விதிக்கத்தக்கது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரம் வகுத்தது இப்பங்கு உணர்வுக்கே எனக் கொள்கிறேன். யாப்பும் எழுத்திலக்கணமும் கட்டாயமாகப் படித்தவர்களே நாம். அக்கட்டாயம் நம்மைக் கவிஞராக்கிவிடவில்லை. கவிதையின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது. பள்ளிப்பணியும் அவ்வாறு தொண்டின் வாயிலில் நிறுத்தினால் போதும்.

அதற்கு மூன்று நெறிகளை முன்வைக்கிறேன். முதலாவது, பங்கு எல்லார்க்கும் ஒன்றாதல். பெருங்கட்டணப் பள்ளியின் மாணவனும் அரசுப்பள்ளியின் மாணவியும் ஒரே ஏரிக்கரையில் நிற்கவேண்டும். வீட்டில் சுமை தாங்கும் பிள்ளைக்கு அச்சுமையே பணியாகக் கணக்கில் வரவேண்டும். இரண்டாவது, பணியைப் பெறும் மக்கள் அதனை வகுத்தல். தெருவார்க்கு எது தேவை என்று கேளாமல் செய்யும் பணி, படம் பிடிக்கும் பதாகையோடு முடிந்துவிடும். மூன்றாவது, மதிப்பெண்ணை நீக்குதல். மணிக்கணக்குக்குப் பதிலாக ஒரு பக்கம் உரைநடை எழுதச் சொல்வோம்: யாரைக் கண்டேன், என்ன கேட்டேன், எனக்குத் தெரியாதிருந்தது எது? அந்தப் பக்கத்தைத் தமிழ் வகுப்பில் படிக்கச் செய்வோம்.

இங்குதான் நம் வட்டத்துக்கு வேலை இருக்கிறது. கொரட்டூர் ஏரி கழிவுநீரால் கெட்டதையும், மக்கள் அதனை மீட்கப் போராடியதையும் நாம் அறிவோம். இப்பகுதியின் ஏரிகளுக்கும் மதகுகளுக்கும் கலங்கல்களுக்கும் தோப்புகளுக்கும் பெயர்கள் உண்டு. அவை முதியோர் நாவில் மட்டும் மிஞ்சியுள்ளன. நடவுப்பாட்டும் தாலாட்டும் அவ்வாறே. வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் அருகிலுள்ள பள்ளி ஒன்றைத் தேர்ந்து, மாணவருடன் சென்று இவற்றைக் கேட்டு எழுதி வாங்கலாம். பாட்டி தன் பெயர் அச்சில் வருவதைக் காண்பாள். பிள்ளை தன் ஊரைக் காண்பான். கவிஞர்களாகிய உங்களுக்கும் புதிய சொற்கள் கிட்டும்.

பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நான் பணிபுரியும் கல்லூரியின் மாணவியர் சிலர் இதற்கு இசைந்துள்ளனர். முதல் பள்ளிக்கு அவர்களோடு நானும் வருகிறேன்.