எல்லாருக்கும் உரியதே ஏழைக்கும் நிலைக்கும்

(தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சேமநல அரசு என்பதாகும். பெயர்தான் பெரிது, விஷயம் நம் வீட்டு விஷயமே. பிள்ளை பிறந்தால் உதவி, நோயில் படுத்தால் வைத்தியம், வேலை போனால் ஆதரவு, முதுமை வந்தால் ஓய்வூதியம். இவற்றை யாருடைய தயவினாலும் அல்லாமல், சட்டத்தினாலே குடிமக்களுக்கு உறுதி செய்கின்ற அரசுதான் சேமநல அரசு.

இதைப்பற்றிப் பேசத் தொடங்கியவுடனே நம் கூட்டங்களில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "உதவி தேவைப்படுகிறவன் ஏழை. அவனுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கிராணிக்கும், பங்களாவில் இருக்கும் துரைக்கும் எதற்காகக் கொடுக்க வேண்டும்?" கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நியாய உணர்ச்சியோடுதான் கேட்கிறார்கள். ஆனால் உலக அனுபவம் வேறு பாடத்தைக் கற்பிக்கிறது. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது நாளடைவில் சுருங்குகிறது. எல்லாருக்கும் என்று ஏற்பட்டதே ஏழைக்கும் நிலைத்து நிற்கிறது. இதை நாம் முதலில் ஒரு கணக்கின் மூலமாகவும், பிறகு சரித்திரத்தின் மூலமாகவும் பார்ப்போம்.

கணக்குக்காக மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். பால் மரம் வெட்டும் தொழிலாளிக்கு 100 வெள்ளி, கிராணிக்கு 200 வெள்ளி, துரைக்கு 600 வெள்ளி. மூவரும் 30 சதவிகிதம் வரி கட்டுகிறார்கள். தொழிலாளி 30, கிராணி 60, துரை 180. மொத்தம் 270 வெள்ளி. அதை மூவருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 90. இப்போது தொழிலாளியின் கையில் 160, கிராணியின் கையில் 230, துரையின் கையில் 510. முன்பு துரையின் வருமானம் தொழிலாளியைப்போல் ஆறு மடங்கு. இப்போது மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். துரைக்கும் பங்கு கொடுத்தோம். ஆனாலும் இடைவெளி பாதியளவு குறைந்துவிட்டது!

இனி அடுத்த வழியைப் பாருங்கள். உதவி ஏழைக்கு மட்டும். அப்படியானால் வரி கட்டும் கிராணிக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை. அவர் எவ்வளவு வரிக்குச் சம்மதிப்பார்? 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். கிராணியிடம் 10, துரையிடம் 30. மொத்தம் 40 வெள்ளி. அத்தனையும் தொழிலாளிக்கே கொடுத்தாலும் அவர் கையில் 140 வெள்ளிதான். துரைக்கு 570 மிஞ்சுகிறது. ஏழைக்கு மட்டும் என்று சொல்லி, ஏழைக்கே 20 வெள்ளி குறைத்துவிட்டோம். ஆகவே, பானை எத்தனை பெரியது என்பதைப் பார்க்காமல் கரண்டியை மட்டும் பார்ப்பது தவறு. பானையைப் பெரிதாக்குவது நடுத்தர வகுப்பின் சம்மதம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? அல்ல. ஸ்வீடன் தேசத்தின் கதையைக் கேளுங்கள்.

ஸ்வீடனில் 1932-ல் சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. தொழிலாளர் சங்கங்களின் மகாசபையான எல்.ஓ. அதற்குத் தோள் கொடுத்தது. நாடு என்பது ஒரு நல்ல குடும்பத்தின் வீடு போல இருக்க வேண்டும் என்று அக்கட்சித் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் 1928-லேயே பாராளுமன்றத்தில் பேசியிருந்தார். அந்த வீட்டில் தொழிலாளிக்கு மட்டுமல்ல, விவசாயிக்கும் குமாஸ்தாவுக்கும் இடம் உண்டு என்பதே அதன் பொருள்.

1948-ல் இரண்டு காரியங்கள் நடைமுறைக்கு வந்தன. 67 வயதானவர்களுக்கெல்லாம் வருமானத்தை விசாரிக்காமல் ஒரே அளவான அடிப்படை ஓய்வூதியம். 16 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் உதவித்தொகை. "உனக்கு எவ்வளவு வருமானம், உன் மகன் உனக்குச் சோறு போடுகிறானா?" என்று துருவிக் கேட்கும் அதிகாரிக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று. கையேந்தி நிற்கும் அவமானமும் ஏழைக்கு இல்லாமற் போயிற்று.

ஆனால் ஒரு குறை இருந்தது. அரசாங்க ஊழியர்களுக்கும், கம்பெனிகளின் அலுவலக உத்தியோகஸ்தர்கள் பலருக்கும் அடிப்படை ஓய்வூதியத்துக்கு மேல் வேறு ஓய்வூதியமும் கிடைத்தது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அது இல்லை. இந்த வேற்றுமையை ஒழிக்க வேண்டும் என்று தொழிலாளர் சங்கங்கள் கோரின. சம்பளத்தை ஒட்டி, சட்டத்தினால், முதலாளிமார் கட்டும் பணத்திலிருந்து கூடுதல் ஓய்வூதியம் வேண்டும் என்றன. அதுவே ஏ.டி.பி. என்ற திட்டம்.

முதலாளிமார் எதிர்த்தார்கள், வலதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தன. வேண்டுமானால் அவரவர் விருப்பப்படி சேர்ந்து கொள்ளட்டும், சட்டம் எதற்கு என்றார்கள். 1957 அக்டோபரில் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். மூன்று யோசனைகள் வைக்கப்பட்டன. தொழிலாளர் தரப்பு யோசனைக்குச் சுமார் 46 சதவிகிதம் கிடைத்தது. எதிர்த்தரப்பு யோசனைகள் இரண்டுக்கும் சுமார் 35, 15 சதவிகிதம் கிடைத்தன. எதற்கும் பாதி கிடைக்கவில்லை. அலுவலக உத்தியோகஸ்தர்களின் மகாசபையான டி.சி.ஓ., தன் அங்கத்தினர்களே பிளவுபட்டு நின்றதால், எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியது.

கூட்டு மந்திரிசபை உடைந்தது. 1958-ல் பாராளுமன்றத்தின் இரண்டாம் சபை கலைக்கப்பட்டு மறுதேர்தல் நடந்தது. இரு தரப்பும் கிட்டத்தட்ட சமபலத்தில் வந்தன. 1959 மே மாதம் வாக்கெடுப்பு. எதிர்த்தரப்பு லிபரல் கட்சியைச் சேர்ந்த தூரே கோனிக்சன் என்ற அங்கத்தினர், கோதன்பர்க் நகரத்துத் தொழிலாளியாக இருந்தவர், வாக்களிக்காமல் விலகி நின்றார். 115-க்கு 114. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறிற்று!

தோழர்களே, நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஏ.டி.பி. எல்லாருக்கும் ஒரே தொகை கொடுக்கவில்லை. ஒருவருடைய மிக நல்ல 15 வருஷச் சம்பளத்தைக் கணக்கிட்டு அதில் 60 சதவிகிதம், 30 வருஷம் வேலை செய்தால் முழு ஓய்வூதியம் என்று வைத்தார்கள். இந்த விதி யாருக்கு அதிகம் உதவும்? நீண்ட காலம் படித்து, தாமதமாக வேலையில் சேர்ந்து, வயது ஏற ஏறச் சம்பளம் ஏறுகின்ற உத்தியோகஸ்தருக்குத்தான். பதினைந்து வயதில் வேலைக்குப் போய் ஐம்பது வருஷம் ஒரே விதச் சம்பளத்தில் உழைத்தவருக்கு அந்த அனுகூலம் இல்லை. "குமாஸ்தாவுக்கு நாம் ஏன் சலுகை காட்ட வேண்டும்?" என்ற கேள்விக்கு அங்கும் இடமிருந்தது.

இருந்தும் எல்.ஓ. அந்த விலையைக் கொடுத்தது. தொழிலாளியின் முதுமை குமாஸ்தாவின் முதுமையோடு ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டது. ஒன்றை அறுக்க வருகிறவன் மற்றதையும் அறுக்க வேண்டியவனானான். பலன் உடனே தெரிந்தது. 1960 தேர்தலில் வலதுசாரிக் கட்சி ஏ.டி.பி.யை எதிர்த்தும், சமூகச் செலவுகளைக் குறைக்கச் சொல்லியும் பிரசாரம் செய்தது. அதன் ஸ்தானங்கள் 45-லிருந்து 39-ஆகக் குறைந்தன. பிரதமர் டாகே எர்லாண்டரின் கட்சிக்கு வாக்கு பெருகியது. ஒரு வருஷத்துக்கு முன் ஒரே வாக்கில் தப்பிய திட்டம், அதன்பின் அசைக்க முடியாததாயிற்று.

மாற்று உதாரணம் ஒன்றும் வேண்டுமல்லவா? அமெரிக்காவைப் பார்ப்போம். 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று, சம்பளம் வாங்குவோருக்கான முதியோர் காப்புறுதி. மற்றது, ஆதரவற்ற ஏழைக் குழந்தைகளுக்கான உதவி. முதலாவதில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் ஆரம்பத்தில் சேர்க்கவில்லை. தோட்டத்தில் உழைக்கும் நமக்கு இது வியப்பாக இராது! 1950-களில்தான் அவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்தார்கள். அப்படி விரிந்து நடுத்தர வகுப்பாரின் சொத்தாகவும் ஆன அந்தக் காப்புறுதியின் ஒரு பகுதியைத் தனியார் கணக்குகளுக்குத் திருப்ப 2005-ல் ஜனாதிபதி புஷ் முயன்றார். அந்த யோசனை காங்கிரஸில் வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை. ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும் என்றிருந்த இரண்டாவது பிள்ளையோ, சோம்பேறிகளுக்குத் தானம் என்று பல காலம் தூற்றப்பட்டு, 1996-ல் ஒழிக்கப்பட்டது. அதனிடத்தில் கால வரம்பிட்ட வேறு உதவி வந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு. தோழமை பெற்றது பிழைத்தது, தனித்து நின்றது மாண்டது.

1998-ல் வால்டர் கோர்பி, யோவாகிம் பால்மே என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் இருவர் பல நாடுகளை ஒப்பிட்டு இதே முடிவைக் கூறினார்கள். ஏழைக்கு மட்டும் என்று எவ்வளவுக்குக் குறிபார்த்துக் கொடுக்கிறோமோ, அவ்வளவுக்கு வறுமையும் ஏற்றத்தாழ்வும் குறையாமல் நிற்கின்றன என்பது அவர்கள் கண்டது. பின்னர் வந்த ஆராய்ச்சிகள், இந்தத் தொடர்பு எல்லாக் காலத்திலும் அதே பலத்தோடு இருப்பதில்லை என்று காட்டின. அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. தொகையும் போதுமானதாக இருக்க வேண்டும்.

ஸ்வீடனும் சொர்க்கமல்ல. 1990-களில் நெருக்கடி வந்தது. ஏ.டி.பி.க்குப் பதிலாக வேறு ஓய்வூதிய முறை 1998-ல் சட்டமாயிற்று. வாரிசு வரி 2004-லும், செல்வ வரி 2007-லும் நீக்கப்பட்டன. 1980-களுக்குப் பின் அங்கும் ஏற்றத்தாழ்வு ஏறியிருக்கிறது. ஆனால் 1948-ல் வந்த குழந்தை உதவித்தொகை இன்றும் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. கட்டியது ஓரளவு நிற்கிறது. காவல் தளர்ந்த இடத்தில் கரைகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். ஊழியர் சேமநிதி 1951-ல் ஏற்பட்டது. நல்ல ஏற்பாடு, தொழிலாளியும் கிராணியும் ஒரே நிதியில் இருக்கிறார்கள். ஆயினும் அது சேமிப்பு. அவரவர் போட்டது அவரவருக்கே. குறைந்த சம்பளக்காரருக்கு முதுமையிலும் குறைந்த தொகைதான். 1969-ஆம் வருஷச் சட்டத்தினால் வந்த சொக்சோ வேறு வகை. அது காப்புறுதி. ஒருவருக்கு வரும் ஆபத்தை எல்லாரும் பகிர்ந்து தாங்குகிறார்கள். பகிர்ந்து தாங்கும் இந்த வழி விரிய வேண்டும் என்று கேட்பதே நம் வேலை.

அதைத் தனியே கேட்டால் கிடைக்குமா? தோட்டத்தில் தொழிலாளர்க்கு ஒரு சங்கம், உத்தியோகஸ்தர்க்கு வேறொரு சங்கம் என்றே வளர்ந்து வந்திருக்கிறோம். காலையில் பெரட்டு எடுத்தவர் என்ற பழைய கசப்பு நம்மில் பலருக்கு உண்டு. அதை நாம் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் வயோதிகம் கிராணிக்கும் வருகிறது. அவர் பிள்ளைக்கும் காய்ச்சல் வருகிறது. அவர் நமக்குத் தயவு காட்டும்படி கேட்க வேண்டாம். அவருக்கும் நமக்கும் சேர்த்து ஒரு உரிமையைக் கேட்போம். தானமாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது எளிது. ஊரே சேர்ந்து உரிமையாகக் கொண்டதைப் பிடுங்க வருகிறவன் ஊரை எதிர்த்து நிற்க வேண்டும்.

கிளைகளுக்குத் திரும்பியதும் இதைப் பேசுங்கள். மாற்றுக் கருத்துள்ளவர்களையும் பேச விடுங்கள்.