மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளின் மூச்சு

கண்டி என்றதும் நேயர்களின் நினைவில் எழுவன ஈரமும் பசுமையுமே. ஏரி, தலதா மாளிகை, பேராதனைத் தோட்டம், முகில் தங்கிச் செல்லும் ஹந்தானை முகடு ஆகியவற்றுக்கிடையே தூசிக்கு ஏது இடம் என்று வெளியூரார் எண்ணக்கூடும். மழை ஓய்ந்திருக்கும் தை, மாசி, பங்குனி மாதங்களில் கண்டியிலிருந்து கிழக்கே குண்டசாலை, திகன, தெல்தெனிய வழியாக மகியங்கனைப் பாதையிற் சென்று, தார்த்தெருவை விட்டுத் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஒருமுறை திரும்பியவர் அவ்வாறு எண்ணமாட்டார். முன்னே ஒரு லொறி போயிற்றென்றால், பின்னே வருபவரின் புருவமும் மீசையும் செந்நிறம் கொண்டுவிடும்.

மனிதன் அந்த வேளையில் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொள்கிறான். வண்டியைச் சற்று நிறுத்தி, புழுதி அடங்கிய பின்னர் புறப்படுகிறான். அவன் ஏறிச் செல்லும் வண்டிக்கோ அந்தச் சலுகை இல்லை. எஞ்சின் ஓடும்வரை அது மூச்சு வாங்கியே தீரவேண்டும். காட்டுப்பாதைக்கென்றே அமைந்த, 'டர்ட் பைக்' என்று வழங்கும் மோட்டார் சைக்கிளின் மூச்சைப் பற்றியதே இந்தப் பேச்சு. அம்மூச்சைக் காப்பது, ஆசனத்தின் கீழோ பக்கத் தகட்டின் பின்னோ மறைந்து கிடக்கும் ஒரு துண்டு நுரைப்பஞ்சு. அதன்மேல் ஊறிய சிறிது எண்ணெய். அதன் விளிம்பில் பூசிய சிறிது கிறீஸ். இம்மூன்றில் எது பிழைத்தாலும் எஞ்சின் பிழைக்காது.

முதலில் மூச்சின் அளவைப் பார்ப்போம். 250 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நாலடிப்பு எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்க. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது காற்றை உள்ளிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 3,000 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ கால் லீற்றர். முழுவிசையில் ஓடும்போது நிமிடத்துக்கு 750 லீற்றர் காற்று அதனுள் போகிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதன் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லீற்றர் வரையே சுவாசிக்கிறான். நூறு பேர் ஒன்றாகச் சேர்ந்து விடும் மூச்சை அந்தச் சிறு இயந்திரம் தனித்து வாங்குகிறது. அதுவும் எங்கே? முன்னே செல்லும் வண்டியின் சக்கரம் கிளப்பிய புழுதியின் நடுவே.

அடுத்தது புழுதியின் இயல்பு. தூசியெல்லாம் ஒரே தன்மையன அல்ல. திகன, குண்டசாலைப் பக்கங்களில் தொலமைட் என்னும் சுண்ணக் கனியம் நிலத்திலிருந்து அகழ்ந்து எடுக்கப்படுகிறது. அதன் தூள் வெண்மையானது, ஒப்பளவில் மென்மையானது. கனியங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் அதற்கு மூன்றரை முதல் நான்கு வரையே மதிப்பு. ஆனால் கண்டியைச் சூழ்ந்த மலைகளின் பாறைகளில் பெருமளவு கலந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லுக்கு அதே அளவையில் மதிப்பு ஏழு. சாதாரண இரும்பு நான்கு, ஐந்து என்ற அளவில் நிற்பது. கல் இரும்பைக் கீறும்; இரும்பு கல்லைக் கீறாது. பாறை சிதைந்து மண்ணாகி, மண் சக்கரத்தடியில் அரைபட்டுத் தூசியான பின்னும் அதனுள் இருக்கும் குவார்ட்ஸ் துகள் தன் கடினத்தை இழப்பதில்லை. முகத்திற் படும்போது பட்டுப்போல் மெல்லியதாய் இருக்கும் அத்தூசி, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலத்தில் கலந்துவிட்டால் அரத்தின் தொழிலைச் செய்யத் தொடங்கும். கண்ணுக்குப் புலப்படும் பெருந்துகளைவிட, அந்தப் படலத்தின் தடிப்பை ஒத்த நுண்துகளே கொடியது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கும் அதற்குக் குறைந்ததுமான துகளை யார் கண்டு அஞ்சப்போகிறார்கள்?

இத்துணை நுண்ணிய பகைவனை, துளைகள் நிறைந்த பஞ்சு எவ்வாறு தடுக்கிறது என்பது நியாயமான வினா. உண்மையில் உலர்ந்த பஞ்சு அதனைப் போதிய அளவு தடுப்பதில்லை. பருமணலைத் தடுக்கும், நுண்தூசியைப் போகவிட்டுவிடும். தடுப்பது எண்ணெய்தான். பஞ்சினுள் காற்று செல்லும் வழி நேர்வழியன்று; வளைந்து வளைந்து செல்வது. காற்று இலேசானது, ஆதலின் எளிதிற் திரும்பிவிடும். தூசித்துகள் கனமானது, திரும்ப மாட்டாமல் பஞ்சின் இழைகளில் மோதும். இழையில் பசைத்தன்மையுள்ள எண்ணெய் இருந்தால் மோதிய துகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இல்லையேல் நழுவி மீண்டும் காற்றோடு போய்விடும். சல்லடையைவிட, பலாப்பால் பூசிய பொறிக்கே இதனை ஒப்பிடவேண்டும். பறவை பிடிப்போர் கண்ட உபாயத்தையே இயந்திரக்காரரும் கண்டனர்.

தூசியின் வலிமையை உலகுக்கு நன்கு உணர்த்தியது இரண்டாம் உலகப்போர். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் எஞ்சின்கள் உரிய காலத்துக்கு முன்னரே தேய்ந்தழிந்தன. புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மூக்கின் கீழே 'வோக்ஸ்' என்ற பெரிய வடிகட்டியைப் பொருத்தினார்கள். தாடி முளைத்ததுபோல் விமானத்தின் அழகு கெட்டது, வேகமும் குறைந்தது. வேகமே உயிர்காக்கும் போர்விமானத்தில் வேகத்தை விட்டுக்கொடுத்தேனும் தூசியைத் தடுக்கத் துணிந்தார்கள் என்றால், அத்தூசி செய்த கேட்டை ஊகித்துக்கொள்ளலாம். 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த காலத்தில் கண்டித் தெருக்கள் படைவண்டிகளால் நிறைந்தன. அவ்வண்டிகளைப் பேணியவர்களுக்கு வடிகட்டியின் அருமை தெரியாமல் இருந்திராது.

இனி, இன்றைய கதை. வாரநாளில் நகரில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் நக்கிள்ஸ் மலையடிவாரத்து மண்பாதை என்று வாழும் இளைஞர் பலர் கண்டியில் உளர். தியத்தலாவை, மின்னேரிய ஆகிய இடங்களில் இராணுவத்தினர் நடத்திவந்த சூப்பர்குரொஸ் பந்தயங்களைப் பார்த்து ஆசை வளர்த்தவர்கள் அவர்கள். தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர்களோ பொழுதுபோக்குக்காக அன்றி வேலைக்காகவே இவ்வகை வண்டியை ஏறி, மலை மலையாகச் சுற்றுகிறார்கள். இவ்விரு சாராருக்கும் ஒரே கவலை: வண்டி போனால் மறுவண்டி எளிதன்று. 2020ஆம் ஆண்டில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டியைப் பேணத் தெரிந்தவரே வண்டிக்காரர் ஆனார். அக்காலத்தில் ஒரு பிஸ்டனையும் அதன் வளையங்களையும் தேடி அலைந்தவர்களிடம் கேட்டால், ஒரு கரண்டி எண்ணெயின் மதிப்பை அவர்கள் சொல்வார்கள்.

வடிகட்டியைத் துப்புரவாக்கும் முறை கடினமானதன்று. பொறுமை வேண்டும், அவ்வளவே. தூசிப்பாதையில் ஒரு நாள் ஓடிய வண்டிக்கு அன்று மாலையே இதனைச் செய்துவிடுவது நல்லது. காற்றுப் பெட்டியைத் திறக்குமுன் அதன் வெளிப்புறத்தைத் துடைக்கவேண்டும். பஞ்சை மெல்ல எடுத்ததும், எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடவேண்டும். பஞ்சை எடுக்கும் அவசரத்தில் உதிர்ந்த ஒரு சிட்டிகை மண் நேரே எஞ்சினுள் போய்விட்டால், பின்னர் செய்யும் துப்புரவால் பயன் என்ன?

பஞ்சை மண்ணெண்ணெயில் அலசிப் பழைய எண்ணெயைப் போக்கி, பின் சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டு நீரில் கழுவி, தெளிந்த நீர் வரும்வரை அலசவேண்டும். மண்ணெண்ணெய் வேலையை அடுப்பங்கரையில் வைத்துக்கொள்ளலாகாது. பெற்றோலில் கழுவுவோர் உண்டு. அது பஞ்சை ஒட்டிய பசையைத் தின்னும். தீ விபத்துக்கும் இடமளிக்கும். இரண்டு காரணங்களாலும் அது விலக்கத்தக்கது. சேலையைப் பிழிவதுபோல் முறுக்கிப் பிழிவதும் ஆகாது, ஒட்டுக்கள் பிரிந்துவிடும். இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அமுக்குவதே முறை. நிழலில் முற்றாக உலரவிட வேண்டும். மழைக்காலத்துக் கண்டியில் ஓர் இரவு போதாமலும் போகலாம். ஈரம் இருக்கும் இடத்தில் எண்ணெய் பற்றாது.

எண்ணெய் எது என்பதில் வாதம் உண்டு. எஞ்சின் எண்ணெயையே ஊற்றிப் பிழிந்து போடும் பழக்கம் பழைய கராஜ்களில் இருந்தது. ஒன்றுமில்லாமைக்கு அது மேல். ஆனால் எஞ்சின் எண்ணெய் வழுக்குவதற்காக ஆக்கப்பட்டது, ஒட்டுவதற்காக அன்று. வண்டி இரண்டு நாள் நின்றால் அது கீழே வடிந்துவிடும். மேற்பகுதி வறண்டு தூசிக்கு வழிவிடும். வடிகட்டிக்கென்று விற்கும் எண்ணெய் பசைபோல் நிற்கும், நிறமும் ஊட்டப்பட்டிருக்கும். அந்நிறம் அலங்காரம் அன்று. பஞ்சின் எல்லா இடத்திலும் நிறம் ஒருசீராகப் பரவியிருந்தால் எண்ணெயும் பரவியது என்று அறியலாம். வெளிறிய திட்டு இருந்தால் அங்கே எண்ணெய் போதவில்லை. பஞ்சைப் பிசைந்து, மிகையானதை அமுக்கி நீக்கி, சற்று நேரம் காற்றாட வைக்கவேண்டும். எண்ணெய் சொட்டும் பஞ்சு தூசியைத் தடுப்பதோடு காற்றையும் தடுக்கும். அப்போது பெற்றோல் மிகுந்து, எஞ்சின் இருமும். ஒன்றை மட்டும் இங்கு எச்சரிக்கவேண்டும்: நகரத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இருப்பது காகித வடிகட்டி. டர்ட் பைக்குக்குச் சொன்னதைக் கேட்டு அக்காகிதத்தில் எண்ணெய் ஊற்றிவிட்டால் அதனைத் தூக்கி எறிய வேண்டியதே.

இவ்வளவையும் செவ்வனே செய்தும் எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். காரணம், பஞ்சின் விளிம்பு. காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். எண்ணெய் ஊறிய பஞ்சினூடே நுழைவதைவிட, பஞ்சுக்கும் பெட்டிக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருந்தால் அதனூடே நுழைவது அதற்கு எளிது. அவ்வழியே போகும் காற்றை எந்த எண்ணெயும் தீண்டுவதில்லை. அழுக்கேறிய வடிகட்டியைக் கண்டவன் அஞ்சுவான். புத்தம்புதிதாய்க் கழுவி எண்ணெயிட்டதைக் கண்டவன் அச்சமின்றி வேகம் எடுப்பான். விளிம்பு சரியாகப் பொருந்தாத துப்புரவான வடிகட்டி, அழுக்கு வடிகட்டியைவிட ஆபத்தானது என்று தேர்ந்த மெக்கானிக்குகள் சொல்வது இதனாலேயே.

ஆகவே பஞ்சு பெட்டியோடு பொருந்தும் முகத்தில், சுற்றிவர இடைவிடாத மெல்லிய வளையமாகக் கிறீஸ் பூசவேண்டும். நீரிற் கரையாத கிறீஸாக இருத்தல் நன்று. ஓடைகளைக் கடக்கும் வண்டிக்கு அது நீரையும் தடுக்கும். முட்டைப்பூச்சுப்போல் அள்ளி அப்பத் தேவையில்லை. பஞ்சைத் தாங்கும் கூட்டின் முனைகள் பெட்டியின் குழிகளில் அமர்ந்தனவா என்று கண்ணால் பார்ப்பது போதாது. இருட்டறையில் தடவுவதுபோல் விரலால் சுற்றிவரத் தடவிப் பார்க்கவேண்டும். நடுப்போல்ட்டை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் கூடு நெளிந்து, அடைக்கவேண்டிய விளிம்பே மேலெழும்பிவிடும். பழைய வண்டிகளில் இறப்பர்க் குழாய் வெடித்திருப்பதும், அதன் பட்டி தளர்ந்திருப்பதும் உண்டு. வடிகட்டிக்கு அப்பால் உள்ள வெடிப்பு, வீட்டின் முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துவைத்ததற்கு ஒப்பாகும்.

கேடு ஒரே நாளில் தெரிவதில்லை. நாலடிப்பு எஞ்சினில் முதலில் தேய்வது காற்று உட்புகும் வால்வும் அது அமரும் இடமுமாகும். வால்வின் இடைவெளி குறையும். காலையில் வண்டி உயிர்பெற மறுக்கும். அடுத்து வளையங்கள் தேய்ந்து அமுக்கம் குன்றும், ஏற்றத்தில் இழுவை குறையும், நீலப்புகை எழும். ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறும் பாதையில் முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இரண்டுக்கு இறங்கும்போது, உரிமையாளர் பெற்றோலைக் குறைகூறுவார், காபரேட்டரைக் கழற்றுவார். வடிகட்டியைப் பற்றி அவருக்கு ஐயமே எழாது, அதனைத்தான் அவர் வாரந்தோறும் கழுவுகிறாரே!

ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. அடுத்தமுறை பஞ்சை எடுக்கும்போது, உடனே கழுவப் போகாமல் பெட்டியின் விளிம்பில் நிற்கும் கிறீஸ் வளையத்தைப் பார்க்கவேண்டும். வெளிப்பக்கம் தூசி படிந்து, உள்பக்கம் தெளிவாக இருந்தால் அடைப்பு சரி. வளையத்தை ஊடறுத்து ஒரு கோடு போல் தூசித்தடம் உள்ளே சென்றிருந்தால், காற்று புகுந்த இடம் அதுவே. பின்னர் வெள்ளைத் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, இறப்பர்க் குழாயின் உட்சுவரை ஒருமுறை துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். துணியில் செம்மண் நிறம் தெரிந்தால் அன்று மலையேறக் கூடாது. வளையம் எங்கே விட்டுக்கொடுத்தது என்று கண்டு, கூட்டை நிமிர்த்தி, மீண்டும் பூசியபின்னரே வண்டியின் கிக்கரை மிதிக்கவேண்டும்.