வீரருக்கு அளிக்கும் பொதுப்பணம்



ஒருவர் ஓடுவதற்கும் நீந்துவதற்கும் பொதுமக்களின் பணத்தைக் கொடுக்கலாமா? முன்னாளில் இவ்வினாவுக்கு இடமே இருக்கவில்லை. 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரிலே இரண்டு தங்கப் பதக்கங்களை வென்ற அமெரிக்கர் ஜிம் தோர்ப், முன்னொரு காலத்தில் சிறிது பணம் பெற்றுப் பேஸ்போல் ஆடினார் என்பதற்காக அடுத்த ஆண்டே அவற்றை இழந்தார். இன்றோ வீரரைப் பேணுவது அரசின் கடமைகளுள் ஒன்றாகப் பல நாடுகளிலே கருதப்படுகின்றது. எவரைப் பேணுவது, எவரைக் கைவிடுவது என்பதுதான் இப்பொழுதைய சிக்கல். பிரித்தானியா இதற்குக் கண்ட விடையை மாத்திரம் இன்று நோக்குவோம்.

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கிலே பிரித்தானியருக்குக் கிடைத்தது ஒரேயொரு தங்கம். பதக்கப் பட்டியலில் அவர்கள் 36ஆம் இடம். அந்த அவமானத்தின் பின்னரே, தேசிய லொத்தர்ப் பணம் நேரே வீரர்களைச் சென்றடைய வழி செய்யப்பட்டது. இதனைப் பங்கிடும் பொறுப்பு யூகே ஸ்போர்ட் என்னும் அமைப்புடையது.

வீரர் தாமே விண்ணப்பம் எழுதி இப்பணத்தைப் பெறுவதில்லை. அந்தந்த விளையாட்டின் தேசியச் சங்கம், முன்கூட்டியே வகுத்த தகுதிகளைக் கொண்டு அவரைத் தெரிந்து முன்மொழிய வேண்டும். அடுத்த ஒலிம்பிக்கில் பதக்கம் பெறக்கூடியவர் ஒரு நிலையினர். அதற்கப்பால் வருவதில் பெறக்கூடியவர் மற்றொரு நிலையினர். தேர்வு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படும். உதவித்தொகையின் அளவு பெற்ற இடத்தைப் பொறுத்தது. வேறு வருவாய் மிகுந்தவருக்கு அது குறைக்கப்படும். பயிற்றுநர், மருத்துவர், இயன்மருத்துவர், போசாக்கு அறிஞர், உளவியலாளர் ஆகியோரின் துணையும் உண்டு. என் எண்ணத்தில், காசினும் பெரியது இத்துணையே. காயமுற்ற முழங்காலைக் காலத்தே கவனிக்க ஆளில்லாமையால் களத்தை விட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன்.

இத்தொகை சம்பளமும் அன்று. அணியிலிருந்து நீக்கப்பட்ட சைக்கிளோட்ட வீராங்கனை ஜெஸ் வார்னிஷ், தாம் ஓர் ஊழியர் என வழக்குத் தொடுத்தார். 2020இல் மேன்முறையீட்டிலும் அவர் தோற்றார். மாணவருக்கு வழங்கும் உதவிப்பணத்தை ஒத்ததே இது என்பது நியாயசபையின் கருத்து. ஆனால், புலமைப்பரிசில் பெறும் மாணவனை அடுத்த ஆண்டே நிறுத்திவிடுவோம் என்று நாம் அச்சுறுத்துவதில்லையே!

பலன் கிடைக்கவில்லை என்று எவரும் கூற முடியாது. 2012இல் இலண்டனில் 29 தங்கம். 2016இல் ரியோவில் 67 பதக்கங்களுடன் இரண்டாம் இடம். ஆயினும் ரியோவிலே ஆடவர் இரட்டையர் பூப்பந்தாட்டத்தில் வெண்கலம் வென்று, எதிர்பார்த்ததை நிறைவேற்றிய அந்த விளையாட்டுக்கே, அவ்வாண்டு முடிவதற்குள் பணம் நிறுத்தப்பட்டது. அடுத்த முறை பதக்கம் வாய்க்கும் என்ற நம்பிக்கை பிற விளையாட்டுகளிலே கூடுதலாக இருந்ததே காரணம். கூடைப்பந்தாட்டத்துக்கு 2014இலேயே இக்கதி நேர்ந்தது. ஊர்ப் பிள்ளைகள் ஏராளமாக ஆடும் விளையாட்டு அது. ஒலிம்பிக்கிலோ பன்னிருவர் சேர்ந்து ஆடினும் கிடைப்பது ஒரே பதக்கம். படகோட்டத்திலும் சைக்கிளோட்டத்திலும் பல பதக்கங்கள் உண்டு. கணக்கு எப்பக்கம் சாயும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். பரீட்சைப் பெறுபேறு உயரவேண்டுமென்று பின்தங்கிய பிள்ளைகளைப் பரீட்சைக்கே அனுப்பாத பாடசாலையின் நினைவு எனக்கு எழுகின்றது.

இவ்வளவு கண்டிப்பு ஆகாதென்று பிரித்தானியரும் பின்னர் உணர்ந்தனர் போலும். 2020ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் ஒலிம்பிக்கை நோக்கிப் பணம் ஒதுக்கியபோது, பூப்பந்தாட்டமும் கூடைப்பந்தாட்டமும் மீண்டும் பட்டியலில் இடம்பெற்றன.